இரண்டு கடிகாரமும் ஒரு நாற்காலியும்

முதலில் வந்தது நாற்காலி. தலை சாய்க்க ஒரு பலகை, கை வைக்க மெத்தை, கீழே ஐந்து சக்கரம். மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் ஏற்றி, நடைபாதை நெடுக உருட்டிக்கொண்டு வந்தார்கள். பதினெட்டு வருஷமாக மர நாற்காலியில் உட்கார்ந்து, முதுகுவலியைத் தைலம் தேய்த்தே அடக்கிவந்த ஒரு பெண்மணி எழுந்து நின்று பார்த்தார். தனக்காகத்தான் வருகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தார். நாற்காலி அவர் மேசையைத் தாண்டிப் போய், கோடியிலிருந்த கண்ணாடி அறைக்குள் நுழைந்தது. அந்த அறையில் அன்றுதான் சட்ட அலுவலராக வேலைக்குச் சேர்ந்திருந்தாள் அவருடைய தம்பி மனைவி.

அந்தப் பெண்மணியை அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் மணிக்கூண்டு. ஆள் நல்ல உயரம். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அதில் முதலில் நேரத்தைத்தான் பார்ப்பார். கேன்டீனில் டீ பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், அது பன்னிரண்டு நிமிஷம் என்று திருத்துவார்.

தம்பிக்கு அந்தப் பெண்ணைப் பார்த்து முடித்து வைத்ததே அக்காதான். சட்டம் படித்த பெண், அதுவும் நாடுகளுக்கு நடுவேயான சட்டம், நம் குடும்பத்தில் யார் படித்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிரிவில் இடம் காலி என்று தெரிந்ததும் விண்ணப்பத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் நீட்டியதும் அவரே. வரும்போது உதவியாளராக வருவாள், பக்கத்து மேசையில் உட்காருவாள், தன்னைக் கேட்டுக் கேட்டு வேலை செய்வாள் என்பது அவர் போட்ட கணக்கு. கண்ணாடி அறை அந்தக் கணக்கில் இல்லை.

"வீட்டுக்குள்ள விளக்கேத்தச் சொன்னா, அது எனக்கே கண்ணக் கூசுது" என்று அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னார்.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். "உனக்குக் கிட்டப் பார்வ, அவளுக்குத் தூரப் பார்வ. நடுவுல நான் ஃபிரேம். என்ன விட்டுடுக்கா" என்றான்.

அந்தக் கட்டடம் வெளியுறவு அமைச்சகம். மூன்றாம் மாடி அதன் சட்டப் பிரிவு. அங்கே நடக்கும் வேலை வெளியே யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் கை வைக்கக் கூடாது என்பது உலகம் ஒப்புக்கொண்ட விதி. அதற்கு விலக்கு மிகக் குறைவு. தன்மேல் ஆயுதத் தாக்குதல் நடந்தால், ஐ.நா. பாதுகாப்புச் சபை தலையிட்டு வேண்டியதைச் செய்யும்வரை, ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம். சாசனத்தின் ஐம்பத்தோராம் பிரிவு அதைச் சொல்கிறது. அப்படித் திருப்பி அடித்தால், அடித்ததை உடனே சபைக்கு எழுதித் தெரிவிக்கவும் வேண்டும். அடி விழுந்த கையோடு கடிதம் போய்ச் சேர வேண்டுமென்றால் அது முன்கூட்டியே தயாராக இருந்தாக வேண்டும். அதைத் தயாரிப்பதுதான் மூன்றாம் மாடி. அந்தப் பிரிவின் முத்திரை விழாத கடிதத்தோடு வரும் தாக்குதல் உத்தரவில் அமைச்சர் கையெழுத்துப் போடமாட்டார் என்பது பழைய வழக்கம்.

கடிதம் எழுத உட்காருமுன் பிரிவில் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வார்கள். நம்மை யாராவது அடித்தார்களா? திருப்பி அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லையா? அடிக்கப்போகும் அடி, தடுக்க வேண்டியதைத் தடுக்கும் அளவோடு நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் வந்தால்தான் பேனாவைத் திறப்பார்கள். பழிவாங்கல் தற்காப்பு ஆகாது. நேற்று அடித்தான், ஆகவே இன்று அடிக்கிறேன் என்று எழுதினால் அதைச் சபையில் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அக்காவின் பதவிக்குச் சரிபார்ப்பாளர் என்று பெயர். கடிதத்தின் கடைசியில் நிகழ்வுப் பட்டியல் ஒன்று இருக்கும். எத்தனை மணிக்கு யார் சுட்டார்கள், எங்கே விழுந்தது, எத்தனை மணிக்கு நாம் என்ன செய்தோம். அந்தப் பட்டியலின் நேரங்களைச் சரிபார்ப்பதும், பிரிவின் முத்திரையை வைத்திருப்பதும் அவர் வேலை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி ஆறு கடிதம் அவர் கையால் போயிருந்தது. ஒரு நிமிஷம்கூடப் பிசகியதில்லை.

அவர் மேசைக்கு மேலே சுவரில் இரண்டு கடிகாரம். இடது பக்கம் நம் நேரம். வலது பக்கம் உலக நேரம். உலக நேரம் மூன்று மணி முன்னால் ஓடும். எல்லைக் காவல்துறை அனுப்பும் அறிக்கையில் நம் நேரம் இருக்கும். படை அனுப்பும் அறிக்கையில் உலக நேரம் இருக்கும். எது எது என்று இரண்டு பேருமே எழுதமாட்டார்கள். எழுதச் சொல்லி மூன்று முறை கடிதம் போட்டும் நடக்கவில்லை. யார் எந்த நேரம் போடுகிறார்கள் என்பது பிரிவில் இருந்தவர்களுக்கு வாய்வழியாகத் தெரியும். ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போனார்கள். கடைசியில் அது தெரிந்தவர் அக்கா ஒருவர்தான்.

தம்பி மனைவி சேர்ந்த முதல் நாளே அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அக்கா இருந்தார். அப்போதுதான் நாற்காலி வந்தது. சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாள் காலையில் இயக்குநர் வந்தார். வழக்கமாக அக்கா மேசையில் ஒரு நிமிஷம் நின்று, "என்னம்மா, உலகம் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார். அன்று நிற்கவில்லை. நேரே கண்ணாடி அறைக்குப் போய் அதே கேள்வியை அங்கே கேட்டார். ஏதோ பதில் வந்தது. அவர் சிரித்தது மூன்றாம் மாடி முழுக்கக் கேட்டது.

அக்கா அப்புறம் சொல்லவே இல்லை. நாலு வருஷம் சொல்லவில்லை.

சொல்லாததில் ஒரு சுகம் இருந்தது. எல்லையில் எது நடந்தாலும், கடிதம் தேவைப்படலாம் என்று தம்பி மனைவி பட்டியல் தயாரித்து அனுப்புவாள். நேரங்களைக் கலந்து கட்டியிருப்பாள். அக்கா பென்சிலை எடுத்து, படையின் நேரத்திலிருந்து மூன்றைக் கழித்து, ஓரத்தில் சின்னதாகத் திருத்துவார். தட்டச்சு செய்பவர் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்வார். கண்ணாடி அறைக்குச் செய்தியே போகாது. அண்ணி ஏதோ எழுத்துப்பிழை பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் இல்லையென்றால் நீ ஒரு நாள் தாங்கமாட்டாய் என்று பென்சிலைச் சீவும்போதெல்லாம் அக்கா மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

வீட்டிலும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டில் சாப்பாடு. அம்மா தம்பியோடுதான் இருக்கிறார். டி.வி.யில் ஏதாவது போர்ச் செய்தி ஓடினால், முன்பெல்லாம் அம்மா மகளைத்தான் கேட்பார். இப்போது மருமகள் பக்கம் திரும்பி, "இது சரியா தப்பாம்மா?" என்பார். அவள் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடிப்பாள். அம்மா மகளைப் பார்த்து, "எவ்வளவு தெளிவா சொல்றா பாரு" என்பார். மகள் பாத்திரம் எடுத்துவைக்க எழுந்துபோவார்.

எல்லையில் ஆற்றுப் பாலத்துச் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. அதன்மேல் அண்டை நாட்டுக் குண்டு விழுந்து நம் காவலர் இரண்டு பேர் செத்துப்போனார்கள் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நம் படை பதிலுக்கு நாலு குண்டு போட்டது என்றும் சொன்னார்கள். எதிர்த்தரப்பு வானொலி, முதலில் சுட்டது நீங்கள்தான், எங்கள் முகாமில் மூன்று பேர் செத்தார்கள் என்றது. திருடன் எப்போது ஒப்புக்கொண்டான் என்று ஊரே சிரித்தது. திங்கட்கிழமை அமைச்சகத்துக்கு வெளியே கூட்டம் கூடி, பதிலடி எங்கே என்று கத்தியது. செவ்வாய்க்கிழமை காலை கேன்டீன்காரர் டீ கொண்டுவரும்போது, கலையாத கூட்டத்துக்குள் வழிவிடச் சொல்லிப் பாதி டீயைக் கொட்டிவிட்டிருந்தார்.

"போர்னு வந்தா டீக்கு விதிவிலக்கு கிடையாதாக்கா?" என்றார் காலி டம்ளர்களைக் காட்டி.

"அத கண்ணாடி ரூம்ல கேளு. அங்கதான் எல்லா பதிலும் இருக்கு."

"ஏதோ கருகுற வாடை அடிக்குதே" என்று மூக்கை உறிஞ்சினார் அவர். "கேன்டீன்ல எதையும் அடுப்புல வச்சிட்டு வரலையே."

"உன் மூக்குக்கு ஏதாவது வந்திருக்கும். போய்ப் பாத்துக்க."

காலை ஒன்பது மணிக்கு இயக்குநர் அறையில் கூட்டம். அக்காவுக்கு அழைப்பு இல்லை. படை அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரிய அடி ஒன்று கொடுப்பதென்று முடிவாகிவிட்டது என்பது கதவு திறந்து மூடும்போதெல்லாம் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. கூடவே இன்னொன்றும் விழுந்தது. படை ஐந்து இலக்கு கேட்டது. தம்பி மனைவி ஒன்றுக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டாள். பாலத்தின்மேல் சுட்ட பீரங்கி இருக்கும் மலை முகாம் மட்டும். மற்ற நாலும் பழிவாங்கல், அதற்கு என்னால் கடிதம் எழுத முடியாது என்றாளாம். தோளில் நட்சத்திரம் வைத்த ஒருவர் மேசையைத் தட்டினாராம். தட்டுங்கள், கடிதத்தில் மேசைச் சத்தத்தைச் சேர்க்க முடியாது என்றாளாம்.

ஆறு கடிதத்திலும் அப்படி ஒருவர் சொல்லி அக்கா கேட்டதில்லை. அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. இவ்வளவு தைரியத்தை இவள் எங்கே வைத்திருந்தாள்? நம் வீட்டில் பாத்திரம் கழுவும்போது இது தெரியவில்லையே.

"இன்னைக்குக் கோப்பு ஒவ்வொரு மேசையா சுத்த நேரமில்ல" என்று இயக்குநர் வெளியே வந்து பொதுவாகச் சொன்னார். "மேடம் எழுதுவாங்க, நான் பாப்பேன், மூணு மணிக்கு அமைச்சர்கிட்டப் போகும். அம்மா, நீங்க முத்திரைய மட்டும் தயாரா வச்சுக்குங்க."

முத்திரையை மட்டும். அக்கா சரி சார் என்றார். பென்சிலை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

இரண்டு மணிக்குக் கடிதம் முத்திரைக்கு வந்தது. மூன்று பக்கம். கொண்டுவந்தது தம்பி மனைவியே. கண் சிவந்திருந்தது, தலைமுடி கலைந்திருந்தது. காலையிலிருந்து சாப்பிட்டிருக்கமாட்டாள்.

"அண்ணி, சார் வேணாம்னுதான் சொன்னாரு. இருந்தாலும் நேரத்த மட்டும் ஒரு தடவ பாத்துடுங்களேன். உங்க கண்ணு படாம ஒரு தாளும் இதுவரைக்கும் போனதில்ல. எனக்குப் பக்குன்னு இருக்கு."

அக்கா கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பட்டியலில் இரண்டே வரி. ஞாயிறு காலை 6:40, எல்லைக் காவல்துறை அறிக்கைப்படி, பாலத்துச் சாவடிமேல் அண்டை நாட்டுக் குண்டு. காலை 9:10, படை அறிக்கைப்படி, மலை முகாம்மேல் நமது பதில், நாலு குண்டு.

ஒன்பது பத்து படையின் நேரம். மூன்றைக் கழித்தால் ஆறு பத்து.

அவர் தலையைத் தூக்கி இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். மறுபடி கழித்தார். ஆறு பத்துக்கு நாம் சுட்டிருக்கிறோம். ஆறு நாற்பதுக்கு அவர்கள் சுட்டிருக்கிறார்கள். அரை மணி முன்னால் முதல் குண்டைப் போட்டது நாம். வானொலி சொன்னது உண்மை. மூன்று கேள்வியில் முதல் கேள்விக்கே பதில் தலைகீழ். இந்தக் கடிதத்தை எழுதும் உரிமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் உண்டு.

அந்த நொடியில் அக்காவுக்கு வந்தது பயம் இல்லை. குளிர்ந்த தண்ணீரை உச்சந்தலையில் ஊற்றியது போல ஒரு சந்தோஷம். இதைப் பிறகு விசாரணையில் அவர் மறைக்கவில்லை. நாலு வருஷமாகக் காத்திருந்த தப்பு இதோ, மூன்று பக்கத்தில், தம்பி மனைவியின் பெயரோடு இருக்கிறது. கடிதம் போகும். எதிர்த்தரப்பு தன் பட்டியலை வெளியிடும். உலகம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். அப்போது இயக்குநர் வெளிறிய முகத்தோடு இந்த மேசைக்கு வந்து நிற்பார். அம்மா கேட்பார், இது சரியா தப்பா என்று. இந்த முறை மகளிடம் கேட்பார்.

"சரியா இருக்கா அண்ணி?"

"இருக்கு" என்றார் அக்கா.

"அப்பாடா." தம்பி மனைவி ஒரு கையை மேசைமேல் ஊன்றி நின்றாள். "நீங்க சொல்லிட்டா போதும். நான் போய் ரெண்டு வாய் சாப்பிட்டு வந்துடறேன்."

அவள் போனாள். அக்கா முத்திரையை மையில் ஒற்றி, மூன்று பக்கத்திலும் பதித்தார். உறையில் போட்டு, இயக்குநர் அறை வாசலில் இருந்த தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இடது கடிகாரத்தில் இரண்டு பத்து.

முத்திரை போட்ட கடிதத்தின் நகல் ஒன்று எப்போதும் அக்காவிடம் இருக்கும். செய்ய வேறு வேலை இல்லாததால் அதைப் படித்தார். தப்பு இருக்கும் பக்கத்தை அல்ல, முதல் பக்கத்தை. இன்னும் என்னென்ன பிசகியிருக்கிறாள் என்று பார்க்கத்தான் எடுத்தார். ஒன்றும் பிசகவில்லை. எங்கள் மேல் குண்டு போட்ட ஒரு பீரங்கியைத் தவிர வேறெதையும் நாங்கள் தொடப்போவதில்லை, அந்தக் குண்டு நிற்கும் நொடியில் எங்கள் கையும் நிற்கும் என்று எழுதியிருந்தாள். அப்படி ஒரு வாக்கியத்தை ஆறு கடிதத்திலும் யாரும் எழுதியதில்லை. பொறாமைப்பட வேண்டிய வாக்கியம்தான். அக்கா பட்டார். பட்டுக்கொண்டே, மலை முகாம் என்ற சொல்லில் வந்து நின்றார்.

அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் செத்தார்கள். அதே இடத்தில் இன்னும் நாலு மணி நேரத்தில் இரண்டாவது முறை. அப்புறம் அவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கும் ஒரு தலைநகரம் இருக்கும், அதில் ஒரு மூன்றாம் மாடி இருக்கும். அங்கேயும் நேரம் சரிபார்க்கிற ஒருத்தி இருப்பாள். அவள் இதே நேரத்தில் இதே கடிதத்தை நேரம் பிசகாமல் முடித்திருப்பாள். அவளுடைய கடிதம் உண்மையானது. என்னுடைய முத்திரை விழுந்தது பொய்யானது.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நிமிஷம் பிசகியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அது சுருக்கென்று தைத்தது. பட்டியலைத் தயாரித்தவள் தெரியாமல் செய்தாள். சரி என்று சொன்னது யார்? தன் மூக்குப் போனாலும் பரவாயில்லை, எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்கள். இங்கே போகப்போவது தன் மூக்கோடு நின்றால் பரவாயில்லை.

இரண்டு நாற்பது. அக்கா எழுந்தார். இயக்குநர் அறை வாசலில் தட்டு காலியாக இருந்தது.

"சார் எங்க?"

"இப்பதான் லிஃப்ட்ல இறங்குறாரு" என்றார் டம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்த கேன்டீன்காரர்.

முதுகுவலிக்காரர் மூன்று மாடியைப் படியில் இறங்கினார். கார் கதவு சாத்தும்போது போய்ச் சேர்ந்து, ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினார். வாசலுக்கு வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்ததால் இரண்டாவது முறை தட்டியதுதான் கேட்டது.

"நேரம் தப்பு சார். நாமதான் மொதல்ல சுட்டிருக்கோம்."

இயக்குநர் காரிலிருந்து இறங்கவில்லை. உறையைப் பிரித்து, கடைசிப் பக்கத்தை எடுத்து, அக்கா சொல்லச் சொல்ல விரலால் கழித்துப் பார்த்தார். ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு. அப்புறம் மெதுவாக இறங்கினார்.

"இத யார் சரிபாத்தது?"

"நான்தான் சார்."

"பாத்துட்டு?"

"சரின்னு சொன்னேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சே."

கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இயக்குநர் மிகச் சின்னக் குரலில் கேட்டார். "ஏம்மா?"

காரணம் ஒன்றும் பெரிதாக வரவில்லை. வந்ததைச் சொன்னார். "அந்த நாற்காலி சார்."

"எந்த நாற்காலி?"

மேலே போய், இயக்குநர் அறையில், தம்பி மனைவியும் இருக்க, அக்கா எல்லாவற்றையும் சொன்னார். நாலு வருஷத்துப் பென்சில் திருத்தங்களையும் சேர்த்து. இயக்குநர் அதற்குள் படைத் தலைமையகத்துக்குப் போன் போட்டிருந்தார். நேரம் உலக நேரம்தானா என்று கேட்டதற்கு முதலில் ஒருவர் கத்தினார், பிறகு ஒருவர் மழுப்பினார், மூன்றாமவர் ஆமாம் என்றார். எதிர்ப்பக்கம் வண்டிகள் கூடியதைப் பார்த்து, தாக்க வருகிறார்கள் என்று எண்ணி, அங்கிருந்த தளபதி முந்திக்கொண்டிருக்கிறார். வண்டிகளில் வந்தது மாற்றுக் காவலுக்கு ஆட்கள். வரப்போகும் அடியை முந்துவது தற்காப்பா என்று சட்டப் புத்தகங்களில் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சண்டை உண்டு. தப்பாக எண்ணிக்கொண்டு முந்தியதற்காகப் பரிந்துபேச யாரும் இல்லை.

தம்பி மனைவி கடைசிவரை நின்றுகொண்டே கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் உங்கள என்ன பண்ணேன் அண்ணி?"

அக்காவுக்கு மூன்று கேள்வியில் முதலாவது ஞாபகம் வந்தது. பதில் தெரிந்திருந்தது. இவள் அடித்ததே இல்லை.

மூன்று மணிக்கு அமைச்சரிடம் வேறு காகிதம் போனது. ஆறு மணிக்கு எதுவும் நடக்கவில்லை. வெளியே கூட்டம் ஏழு மணிவரை கத்திவிட்டுக் கலைந்தது. பத்து நாள் கழித்து இரண்டு நாட்டு அதிகாரிகளும் அதே பாலத்தில் ஒரு கூடாரம் போட்டு உட்கார்ந்து, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார்கள். ஐந்து பேருக்காகவும் ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். தளபதியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள்.

அக்காவின் மேல் விசாரணை வந்தது. அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. கடைசி நேரத்தில் வந்து சொன்னதற்காக வேலை தப்பியது. முத்திரை கைவிட்டுப் போனது. தரைத்தளத்தில் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு அனுப்பினார்கள்.

இதில் அவருக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அமைச்சருக்குப் போன காகிதத்தில் பிழையைக் கண்டறிந்தது சட்ட அலுவலர் என்றுதான் எழுதியிருந்தார்கள். பிரிவின் மானம் கெடாமல் வேறு எப்படி எழுதுவது என்று இயக்குநர் கேட்டார். நியாயம்தான். பத்திரிகைகள் ஒரு போரைத் தடுத்த பெண் என்று போட்டன. கண்ணாடி அறையின் படத்தையும் போட்டன. படத்தில் நாற்காலி நன்றாகத் தெரிந்தது.

"நான் மறுத்தேன்" என்றாள் தம்பி மனைவி. அது மூன்று மாதம் கழித்து, முதல் முறையாக அவள் அக்காவிடம் வாய் திறந்த ஞாயிற்றுக்கிழமை. அதுவரை சாப்பாடு பரிமாறுவாள், பேசமாட்டாள். தம்பி இரண்டு பக்கமும் தூது போய் இளைத்துவிட்டிருந்தான். "உங்க பேரத்தான் போடச் சொன்னேன். எப்படிப் போடறது, எதுக்குப் போடறதுன்னு கேட்டாங்க. கண்டுபிடிச்சதுக்கா, மறைச்சதுக்கான்னு."

"ரெண்டுக்கும் போட்டிருக்கலாம்" என்றார் அக்கா.

தம்பி சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தான். அம்மாவுக்கு முழுக் கதை இன்றுவரை தெரியாது. அடுப்படியிலிருந்து அப்போதுதான் வந்தவர், மருமகளைப் பார்த்து, "எப்படித்தான் கண்டுபிடிச்சியோ" என்று மறுபடி ஆரம்பித்தார். மருமகள் மாமியாரைப் பார்க்காமல் நாத்தனாரைப் பார்த்து, "அண்ணிதான் சொல்லிக்குடுத்தாங்க" என்றாள். அதில் இனிப்பும் இருந்தது, குத்தலும் இருந்தது. எது எவ்வளவு என்று அக்கா கணக்குப் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு பழைய கோப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க அக்கா மூன்றாம் மாடிக்கு ஏறினார். அவருடைய மர நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். சுவரில் இரண்டு கடிகாரமும் அதே இடத்தில் ஓடின. அவற்றுக்குக் கீழே புதிதாக ஒரு அட்டை ஒட்டியிருந்தது. தம்பி மனைவியின் உருண்டையான கையெழுத்து. எல்லைக் காவல்துறை எழுதுவது நம் நேரம். படை எழுதுவது உலக நேரம், மூன்றைக் கழிக்கவும்.

இரண்டே வரி. இருபத்திரண்டு வருஷம் அவர் மனசில் பொத்திவைத்து, கடைசி நாலு வருஷம் சொல்லாமலும் வைத்திருந்தது மொத்தமும் அதில் அடங்கிவிட்டது. இன்னும் இடம்கூட மிச்சம் இருந்தது.

அக்கா அதில் பிழை இருக்கிறதா என்று தேடினார். எழுத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். மூன்று முறை பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அட்டை மட்டும் இடது பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. கையை நீட்டினால் எட்டும். அவ்வளவு உயரம் அந்த மாடியில் வேறு யாருக்கும் இல்லை.

அவர் அதை நேராக்கவில்லை. கோப்பை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.